மூச்சை அளக்கும் சொல்

ஐப்பசி 4 (கொல்லம் 1111)

விடாத மழை. கோரம்பாய்கள் எல்லாம் பூசணம். அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தச் சொல்லி வீட்டுக்காரி வடிவிடம் கொடுத்தேன். யோகம் புகையில் வேகட்டும் என்றாள்.

வாங்க: சுக்கு, விளக்கெண்ணெய், கருப்பட்டி. கத்தரிக்காய் வேண்டாமாம்.

காலையில் யோகம் படிக்க ஒருவரும் வரவில்லை. போன ஐப்பசியில் வயல்காரர்கள் ஒருவர் போனதும் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். அஞ்சுகிராமத்துப் பிள்ளைவாள்கூட மாட்டுவண்டி கட்டி வருவார். இப்போது எல்லோரும் வடசேரியில் புதிதாகத் திறந்த தேகப்பயிற்சிக் கூடத்தில். அங்கே கதவு கிடையாது, விசில் உண்டு. கூட்டமாகப் படுத்து ஒரே நேரத்தில் காலைத் தூக்குகிறார்கள். சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. பார்த்துச் செய்ய வேண்டியதுதான். ஆசான் எதற்கு?

நேற்று நானும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நன்றாகத்தான் செய்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

மருந்துவாழ் மலையில் என் குரு எனக்குச் சொன்னது: ஒரு நேரம் ஒரு ஆள், மூடிய கதவு, வெறும் வயிறு. மூச்சை அளக்க ஒரு நாமம். அதையும் தீட்சை இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கதவை மூடித்தான் உட்கார்ந்திருக்கிறேன். தட்டத்தான் ஆள் இல்லை.

ஐப்பசி 5

தட்ட ஆள் வந்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், ஏசுவடியான் சார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குடையை மடக்கி வைப்பதற்குள் இழுப்பு கண்டுவிட்டது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம்.

விஷயம் இது. வகுப்பில் ஒரு கணக்கை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்த மாசக் கடைசியில் பள்ளிக்கூட மானேஜர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பாராம். ஒரு பாடத்தை முழுசாக எடுக்க முடியவில்லை என்றால் வீட்டில் இருந்து ஓய்வெடுக்கச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் மக்கள்.

டாக்டர் பொடி கொடுத்திருக்கிறார், புகைத்தால் கொஞ்சம் தேவலை. வகுப்பில் புகைக்க முடியுமா என்று கேட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மீனை விடச் சொன்னேன். ஐப்பசியில் சாளையை விடுவதா என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு, சரி, மாசக் கடைசி வரைக்கும் என்றார்.

ஐப்பசி 6

இரவெல்லாம் யோசனை. மூச்சை எதைக் கொண்டு அளக்கச் சொல்வது? குரு நாமத்தைக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் அவர் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற ஆள்.

காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எண்ணைக் கொடுத்தேன். நாலு எண்ணி இழு, நாலு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு. கணக்கு சாருக்கு எண்தானே பொருத்தம்.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கு ஏனோ பந்தியில் உப்பு வைக்க மறந்த மாதிரி இருந்தது.

ஐப்பசி 9

ஏ. சார் தினமும் விடியுமுன் வருகிறார். கிழக்கு முகம் வேண்டாம், சூரிய நமஸ்காரம் என்று ஜனம் ஏதாவது சொல்லும் என்றார். மேற்கே பார்க்க உட்காரவைத்தேன். மூச்சுக்குத் திசை தெரியுமா? குருவிடம் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

சம்மணம் போட முழங்கால் மறுக்கிறது. தலையணை வைத்தேன்.

தேகப்பயிற்சிக் கூடத்துக்காரர் சந்தையில் என்னைப் பார்த்து, வந்து சேர்ந்துகொள்ளுங்கள், விசில் தருகிறேன் என்றார். கேலியா, நிஜமாகவா, தெரியவில்லை. கேலி என்றே நினைத்துக் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நிஜமாக இருக்குமோ என்று தோன்றியது.

ஐப்பசி 11, ஞாயிறு

பெரிய சங்கடம்.

சார் விழுந்துவிட்டார். இங்கே இல்லை, அவர் வீட்டில். என்னிடம் சொல்லாமல் தினமும் எண்ணைக் கூட்டியிருக்கிறார். நாலு ஆறாகி, ஆறு பத்தாகியிருக்கிறது. கணக்கு வாத்தியாரிடம் எண்ணைக் கொடுத்தால் ஏறுவரிசையில்தானே போவார்? இது என் மூளைக்கு ஏன் எட்டவில்லை?

பதறிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் சாய்ந்து கிடந்தார். “எண்ணிட்டுத்தான் இருந்தேன் ஆசானே. முட்ட முட்ட வேகமா எண்ணினேன். அப்புறம் ஒண்ணும் தெரியல்ல” என்றார்.

வேகமாக எண்ணினேன். அங்கேதான் இருக்கிறது. பயம் வந்தால் எண்ணை ஓட்டிவிடலாம். நாமத்தை அப்படி ஓட்ட மனசு வராது. குரு ஏன் நாமம் கொடுத்தார் என்பது இத்தனை வருஷம் கழித்து ஒரு கட்டிலடியில் நிற்கும்போது புரிகிறது.

அவர் மனைவி ஞானம்மாள் வாசலை மறித்துக்கொண்டு பிடித்துக்கொண்டாள். “உங்க எண்ணு ஒண்ணும் இவியள எழுப்பல்ல. நான் முதுகத் தடவிக்கிட்டு ‘ஏசுவே இரங்கும், ஏசுவே இரங்கும்’னு சொல்லிச் சொல்லித்தான் மூச்சு எறங்கிச்சு. இனி இந்த வித்தை வேண்டாம், கேட்டியளா?”

கேட்டேன். திட்டைவிட அந்த இரண்டு சொல்லைத்தான் கேட்டேன். வழியெல்லாம் காதில் அதுவே. நடைக்கும் மூச்சுக்கும் ஒத்து வந்தது.

ஐப்பசி 12

தான் செய்து பார்க்காததைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. கதவை மூடி, யாருக்கும் தெரியாமல், நான் செய்து பார்த்தேன். ஒரு தரம் சொல்லி இழுத்து, இரண்டு தரம் சொல்லி விட்டேன். நிறுத்துவதை அடியோடு விட்டேன். இழுப்புக்காரருக்கு அது ஆகாது என்று இப்போதாவது தெரிந்ததே.

சீராக வந்தது. வந்திருக்கக் கூடாது என்று ஒரு மனசு. வந்ததே என்று ஒரு மனசு.

குளித்துவிட்டு வந்து திருநீறு கொஞ்சம் அதிகமாகப் பூசினேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாள் வடிவு.

ஐப்பசி 13

ஞானம்மாள் காலில் நான் விழாத குறை. அவள் சொன்ன சொல்லைத்தான் அளவாக வைக்கப்போகிறேன் என்றதும் வாசலை விட்டு விலகினாள். பிறகு, தான் கூடவே உட்கார்ந்திருப்பதானால் சம்மதம் என்றாள். நான்தான் இனி அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆசான் வீடு தேடிப் போவது! போனேன்.

மூன்று பேர் ஒரு அறையில். கதவு திறந்தே. அடுக்களையில் புட்டு வேகிற மணம். குரு சொன்னதில் மிச்சம் என்ன? வெறும் வயிறு ஒன்று.

சார் பத்து மூச்சு இழுப்பில்லாமல் விட்டார். ஞானம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐப்பசி 17

வடசேரிச் சந்தையில், வாழைக்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்து காதில் விழுந்தவை:

“ஆசான் கிறிஸ்து வேதத்துல சேந்தாச்சாம்.”

“இல்லவே, சாருதான் திருநீறு பூசப் போறாராம்.”

இரண்டில் ஒன்றை அவர்களே முடிவு செய்தால் எனக்கும் உபகாரம்.

வீட்டுக்கு வந்தால் வடிவு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தெப்பக்குளத்துப் படியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “வேதத்துல சேரப் போறியளாமே. எனக்கும் சேத்துச் சொல்லிட்டு வந்தியளா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ராத்திரி விளக்கு அணைத்த பிறகு, நிஜமாக ஒன்றும் இல்லையே என்று இன்னொரு தரம் கேட்டாள். அப்போது சிரிக்கவில்லை.

ஐப்பசி 19

அங்கேயும் இதே கதை. அவர்கள் சபையின் உபதேசியார் ஏ. சாரை வழிமறித்திருக்கிறார். பாயில் கண்ணை மூடி உட்காருவது யாருடைய வழக்கம் என்று கேட்டிருக்கிறார். ஆண்டவர் நாமத்தை வீணாக வழங்கப்படாது என்றும் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“மூச்சு விடுகது வீணா, உபதேசியாரேன்னு கேட்டேன்” என்றார் சார். உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாராம். ஆனாலும் சார் முகம் வாடித்தான் இருந்தது. பாய் வேண்டாம் ஆசானே, நாற்காலி போதும் என்றார்.

நாற்காலியில் யோகம்! முதுகு நேராக இருந்தது. மூச்சு நன்றாகவே வந்தது.

மழை. பாயை மறுபடி அடுப்புக்கு மேலே கட்டினேன், யாருக்கென்று தெரியாமல்.

ஐப்பசி 23

இழுப்பு திரும்பிவிட்டது. ஈரக்காற்று. சார் பேசவே இல்லை, கையால் ஜாடை காட்டினார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஞானம்மாள் முதுகைத் தடவ, நான் அந்த இரண்டு சொல்லை நிதானமாகச் சொல்ல, அவர் உதட்டை மட்டும் அசைக்க, ஒருவழியாக அடங்கியது.

அப்போது என் வாயால் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஞானம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஐப்பசி 28

மானேஜர் வந்த நாள். நான் பள்ளிக்கூட வராந்தாவில் குடையோடு, பிள்ளையைச் சேர்க்க வந்தவன் மாதிரி நின்றேன்.

முக்கோணக் கணக்கு. சார் குரல் முதலில் நன்றாக வந்தது. பாதியில் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம். நான் ஜன்னலுக்குக் கிட்டே போனேன். பின் பெஞ்சில் மானேஜர் தலையை நிமிர்த்தினார்.

சார் பதறவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு கோடு போட்டார். சாக்குக்கட்டி அத்தனை மெதுவாகப் போவதை நான் பார்த்ததே இல்லை. கோடு முடிய ஒரு மூச்சு. அடுத்த கோடு, அடுத்த மூச்சு. சார் அழகாகப் படம் போடுகிறார் என்று பிள்ளைகள் நினைத்திருக்கும். ஜன்னல் வழியே அவர் தாடை அசைவது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கோடு முடிந்ததும் திரும்பினார். விட்ட இடத்தில் பிடித்து, மணி அடிக்கும்வரை பேசினார்.

வேலை தங்கியது. மானேஜர் கை கொடுத்தாராம். வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சார் கண் கலங்கினார். நானும் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

மத்தியானம் சாளை சாப்பிட்டிருப்பார்.

சார் சொல்லி, மானேஜர் எனக்கும் ஆள் அனுப்பிவிட்டார். தை பிறந்ததும் பள்ளிக்கூடம் முழுவதற்கும் மூச்சுப்பயிற்சி சொல்லித்தர முடியுமா? எல்லோரும் ஒன்றாக, பெஞ்சில் உட்கார்ந்தபடி. நாமம் எதுவும் வேண்டாம், எண் போதும். எண் ஆகாது என்று சொல்லியனுப்பினேன். பின்னே எது ஆகும் என்று கேட்டால்? வடிவு போகச் சொல்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஐப்பசி 29

மழை விட்டிருக்கிறது. விடியுமுன் எழுந்தேன். பாய் உலர்ந்திருந்தது, புகை நாற்றம். சார் காரியம் முடிந்தது, இனி என் சொந்தப் பயிற்சி பழையபடி என்று கதவை மூடி வடக்கே பார்த்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது குரு கொடுத்த நாமம் இல்லை.

திடுக்கென்றது. எழுந்து திருநீறு பூசி மறுபடி உட்கார்ந்தேன். குருவின் நாமத்தை இழுத்துப் பிடித்து வைத்தேன். எனக்கே மூச்சு முட்டியது. பயத்தில் அதை ஓட்டினேன். ஓடியது! எண் மாதிரியே ஓடியது. பிடியை விட்டேன். மூச்சு தானாகப் போய் அந்த இரண்டு சொல்லில் உட்கார்ந்து, சீராக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வடிவு கதவைத் தட்டினாள். “சத்தமே காணோம். மூச்சு விடுகியளா இல்லியா?”

விடுகிறேன் என்றேன். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.