பெயர் தெரியாத ஒருவரின் கையெழுத்து

என் பிரியமான அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். கருத்தரிக்கப் போகும் பெண்கள் முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை அது. நாற்பத்து மூன்று வயதில், கல்யாணம் ஆகாத உங்கள் மகளுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறேன், அப்பா. விந்து தானம் பெற்று. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு கோத்தகிரியில் நிலைமை இன்னும் மோசம். பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்கே போதவில்லை. நம் லயத்து வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் எல்லாம் திருப்பூர் போய்விட்டார்கள். நான் கணக்குப் பார்க்கும் தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. அந்தச் சும்மா நாட்களில்தான் கோயம்புத்தூர் மருத்துவமனைக்குப் போய்வந்தேன். விலை நன்றாக இருந்திருந்தால் இதையும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளியிருப்பேன்.

முதலில் நான் நினைத்தது வெளியாள் இல்லை. என்னோடு பள்ளிக்கூடம் வந்த செல்வத்தைத்தான். இப்போது இலை லாரி ஓட்டுகிறான். அவனிடம் கேட்பதற்கு முன் அவன் மனைவி ராணியிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“செய்யச் சொல்றேன்க்கா. ஆனா அவரு யானைக் காது மட்டும் வராம பாத்துக்கங்க. ஒரு லயத்துக்கு ஒரு சோடி போதும்.”

செல்வமும் சரி என்றான். முத்திரைத்தாள் வாங்கி எழுதினோம். பிள்ளை மீது செல்வத்துக்கு உரிமை இல்லை. அவனிடம் நானும் எதுவும் கேட்கமாட்டேன். ராணியும் அவள் தங்கையும் சாட்சி. நம் ஆட்கள் மாடு வாங்கினாலும் வீட்டை ஒத்திக்கு விட்டாலும் இப்படித்தானே செய்வோம்? பட்டம் வாங்கிய நானும் அது போதும் என்றே நம்பினேன்.

மருத்துவமனையில் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாமே ஆளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதாம். குன்னூரில் ஒரு பெண் வக்கீலிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க, இதை வச்சு டீ வேணா வடிகட்டலாமுங்க.”

“ரெண்டு பேரும் மனசறிஞ்சு எழுதுனதுங்க.”

“நீங்க ரெண்டு பேரு சரிங்க. பொறக்கப் போறது எழுதலீங்களே? நாளைக்கு அது ஜீவனாம்சம் கேட்டு வந்தா இந்தத் தாளு நிக்காது. அவரே மனசு மாறி, எம்புள்ளைன்னு வந்தாலும் நீங்க கோர்ட்டு வாசல்லதான் நிக்கோணும்.”

பிறகு சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் விந்து வர வேண்டும். கொடுப்பவர் எல்லா உரிமையையும் எழுத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார். பொறுப்பும் அவருக்கு இல்லை. பிள்ளை முழுக்க என்னுடையது. தனியாக இருக்கும் பெண்ணுக்கும், ஐம்பது வயதுக்குள் என்றால், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த மனிதரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். உயரம், நிறம், ரத்த வகை என்று சில விவரங்கள் மட்டும்தான்.

அம்மா கொதித்துப்போனாள். ஒப்பந்தத்துக்கு இன்னும் அந்தச் சிலோன் தோட்டத்துச் சொல்தான் அவள் வாயில்.

“கொந்தரப்பு பேசிப் புள்ள பெக்குற காலமாப் போச்சு. அதையும் மூஞ்சி தெரியாதவன்கிட்டயா? செல்வம்னா நாம பாத்து வளந்த பய.”

“அது சட்டப்படி நிக்காதும்மா.”

“அப்ப ஒண்ணு செய். கோயமுத்தூர்ல கலியாணம் முடிஞ்சுச்சு, புருசன் செத்துட்டான்னு சொல்லிருவோம். புள்ளைக்கும் அதையே சொல்லு.”

“யாரும்மா அந்தப் புருசன்? பேரு என்ன?”

“செத்தவனுக்குப் பேரு எதுக்கு?”

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் உங்களைச் சிறுவயதில் சிலோனிலிருந்து இங்கே அனுப்பினார்கள். உங்களை யாரும் கேட்கவில்லை என்பதுகூட உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. “சொந்தக்காரங்களப் பாத்துட்டு வந்துருவோம்னு சொல்லித்தான் எங்கப்பாரு கப்பல்ல ஏத்துனாரு” என்பீர்கள். மண்டபம் முகாமில்தான் இனித் திரும்ப முடியாது என்று தெரிந்ததாம். அந்தப் பொய்தான் கடைசிவரை உங்களுக்கு ஆறவில்லை. உங்கள் அப்பாவும் பிள்ளை அழக்கூடாது என்றுதானே அப்படிச் சொல்லியிருப்பார்?

பிறக்கப்போகும் பிள்ளையையும் யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்த முகம் ஒன்றை அதற்குக் கொடுக்க ஆசைப்பட்டேன், அது முடியாது. அப்படியானால் வேறு எதைக் கொடுக்க முடியும்?

திங்கட்கிழமை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன், அப்பா. வங்கியிலிருந்து வரும், பெயர் தெரியாத அந்த மனிதருடையதுதான். அம்மாவுக்கும் செல்வத்துக்கும் இது இன்னும் தெரியாது. இல்லாத புருஷன் ஒருவனை நான் சாகடிக்கப் போவதும் இல்லை. என் அப்பா யார் என்று பிள்ளை கேட்கும் முதல் தடவையே, அதற்குப் புரிகிற வார்த்தைகளில் உள்ளதைச் சொல்வேன். ஒருவர் கொடுத்தார், அவர் பெயர் எனக்கும் தெரியாது என்று. அது அழலாம், என்மேல் கோபப்படலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
தமயந்தி