மூன்றாவது சர்வர்

ஜூன் 9

பெரிய பாலம் ஆற்றுக்குள் விழுந்த வருஷம் இது. அதற்கு முந்தின வாரம்தான் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். பாலத்துக்கு அழுதவர்கள்தான் அதிகம். மகன்களில் பெரியவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். எனக்கு எழுதத் தெரியாது. பேசினால் எழுதிக்கொள்ளும்படி ஃபோனில் ஏதோ செய்து கொடுத்தவன் சின்னவன். மூட்டை தூக்கிய தோளுக்கு வேலை போயிற்று, இனி வாய்க்குத்தான்.

ஜூன் 21

இருவருக்கும் ஒரே ஆபீஸ். பெரியவன் தலைமை, சின்னவன் அவனுக்குக் கீழே. ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டுகளை டாக்டர்கள் பார்க்கிற போர்ட்டல் ஒன்று செய்கிறார்கள். அது ஒரு நிமிஷமும் நிற்கக்கூடாதாம். அதனால் இரண்டு சர்வர். ஒன்று ஓயாமல் மற்றதை ‘இருக்கியா?’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் செத்துவிட்டது என்று பொருள். இது தோள் கொடுத்துச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

சாப்பிடும்போது சின்னவன் சொன்னான்: “அண்ணா, ரெண்டும் உயிரோட இருந்து, நடுவுல இருக்க லைன் மட்டும் அறுந்தா? மத்தது செத்துடுச்சுன்னு ரெண்டும் தலைமை எடுத்துக்கும். யாரு சொல்றது நிஜம்னு பாக்க, சாட்சியா மூணாவது ஒண்ணு வேணும்.”

“திட்டத்த மேல காட்டி கைதட்டு வாங்கியாச்சு. இப்போ போயி ஒண்ணு விட்டுப்போச்சுன்னு நிக்கவா? உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன்டா நான். வாய சோத்துக்கு மட்டும் தொற.”

நான் சிரித்துவிட்டேன். நல்ல அடி.

ஜூலை 2

நெட்டையன் தினமும் காலையில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். உயிரோடு இருக்கிறான் என்று பொருள். நானும் திருப்பிக் கொடுப்பேன். எடுப்பதில்லை, எடுத்தால் அவன் வாயை மூட முடியாது. ஒரே லாரியில் சுமை ஏற்றிய எட்டுப் பேரில் மிச்சம் நாங்கள் இருவர்.

ஆகஸ்ட் 14

லைன் அறுந்துவிட்டது. சின்னவன் சொன்னபடியே இரண்டும் தலைமை எடுத்துக்கொண்டன. ரிப்போர்ட்டுகளில் பாதி இதில், பாதி அதில். லைனை ஒட்டிய பிறகு பெரியவன் ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் ஏற்ற, அடியில் இருந்தவை அழிந்தன. ஒரு டாக்டர் பழைய ரிப்போர்ட்டை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஆள் செத்துப்போனார்.

ஆகஸ்ட் 16

தான் மூன்றாவதை வைக்கச் சொல்லியும் தம்பிதான் மறந்துவிட்டான் என்று பெரியவன் ஆபீஸில் சொல்லிவிட்டான்.

சின்னவன் வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. “அப்பா, நான் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? விசாரிக்கிறவரு உங்களுக்கு ஃபோன் பண்ணுவாரு. காதால கேட்டத மட்டும் சொல்லுங்க. ஒரு உசுரு போயிருக்குப்பா. அந்தப் பழி எனக்கு வேணாம்.”

அவன் போனதும் பெரியவன் என் தலையணையைச் சரிசெய்தான். ஒருநாளும் செய்யாதவன். “யார் வீட்ல படுத்திருக்கோம்னு பாத்துப் பேசுங்க.”

ஆகஸ்ட் 17

ஃபோன் வந்தது. “எனக்கு எதுவும் ஞாபகமில்லையே சார்” என்றேன்.

எனக்கா ஞாபகமில்லை? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எந்த மூட்டை எந்த லாரியில் போனது என்று சொல்வேன். ஆனால் கட்டில் கிடக்கிற பக்கம்தானே மனுஷன் சாய முடியும்?

ஆகஸ்ட் 20

சின்னவனுக்கு வேலை போயிற்று.

அக்டோபர் 5

பெரியவனுக்கு வெளிநாட்டில் பெரிய பதவி. என்னை முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டான். “ஒரு வாரந்தான்பா. சின்னவன் வந்து கூட்டிட்டுப் போவான்.” கார் நிற்கும்போதே மணியைப் பார்த்தான்.

அக்டோபர் 30

யாரும் வரவில்லை. பெரியவன் நம்பர் உபயோகத்தில் இல்லையாம். சின்னவனுக்குப் போட்டேன். எடுத்தான்.

“அப்பா பேசறேன்டா. உன்கிட்ட சொல்லலையா அவன்? நான் இல்லத்துல கெடக்கேன்டா. வந்து கூட்டிட்டுப் போடா.”

 அவன் சொன்னான்:

“அப்பாவா? எனக்கு எதுவும் ஞாபகமில்லையே சார்.”

வைத்துவிட்டான். ‘சார்’ என்றான், பொறுக்கி. என் வாய் அப்படியே வந்திருக்கிறது.

அக்டோபர் 31

காலையில் மிஸ்டு கால் வந்தது. எடுத்துவிட்டேன்.

“ஏண்டா எடுத்த? செத்துட்டியா?” என்று கத்தினான்.

“இல்லடா, இருக்கேன்.”

“அப்பறம் எதுக்குடா எடுக்கற எழவெடுத்தவனே! பதறிப் போயிட்டேன்.”

பேசு என்றேன். பேசிக்கொண்டே இருந்தான். நான் வைக்கவில்லை.

பெற்ற இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தாலும், எனக்கென்று இன்னும் உயிரோடு இருப்பவன் நெட்டையன் ஒருவன்தான்.