இரண்டாவது கேசட்

மும்பை
9 பிப்ரவரி 1998

அன்புள்ள காங் இபன்,

அங்கே குளிர் விட்டதா? இங்கே இப்போதே சட்டை முதுகில் ஒட்டுகிறது. சாப்பாட்டில் பன்றிக்கறி இல்லையென்று பான்டெய் தன் கிதாரைவிடச் சத்தமாக முனகுகிறான்.

நம் ‘வெட் ஷூஸ்’ குழுவின் இரண்டாவது கேசட்டுக்கு ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. ஸ்டூடியோ சுவர் ஒரு முழம் கனம். மௌலாயில் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கூடத்தில், தகரக் கூரைமேல் விழுந்த மழையையும் சேர்த்து முதல் கேசட்டின் எட்டுப் பாட்டை ஐந்தே நாளில் முடித்தோம். இங்கே ஒரு பாட்டுக்கே ஐந்து நாள் ஆகிறது.

ஒரு வருத்தமான செய்தி. டிரம்ஸுக்கு ஆள் வேண்டாம், மெஷினே போதும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ வாதாடினேன், கேட்கவில்லை. உங்களுக்கும் குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள், அக்கா.

குப்ளெய், கடவுள் ஆசி.
தம்பி கிட்பொக்

ஷில்லாங்
1 மார்ச் 1998

என் அன்பு கிட்பொக்,

கடிதம் கிடைத்தது. ஒரு மாதம் விடுப்புப் போட்டு வருகிறேன் என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. போகட்டும், தபாலில் தொலைந்திருக்கும்.

மெஷினைப் பற்றிச் சொன்னதும் என் அம்மாவுக்குக் கோபம். “ஏழு வருஷமா நீ அவன்கூட அடிச்சிருக்க, ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்களா?” என்றாள். “கம்பெனிக்காரங்க கட்டாயப்படுத்தினா அவன் என்னம்மா பண்ணுவான்?” என்றேன். உனக்காக நான் சண்டை போட்டேன் என்று தெரிந்துகொள்.

மூன்றாவது பாட்டின் முடிவில் நீ தாளத்தை மீறி ஓடுவாய். நான் பிடித்து நிறுத்துவேன். அங்கே யார் நிறுத்துகிறார்கள்? கவனமாகப் பாடு. வேளைக்குச் சாப்பிடு.

குப்ளெய்.
காங் இபன்

ஷில்லாங்
20 ஜூன் 1998

அன்புள்ள கிட்பொக்,

கேசட் வந்தது. நான்கு தடவை கேட்டேன். உடனே எழுத மனம் வரவில்லை.

போலீஸ் பஜார் கடைக்காரரை உனக்குத் தெரியும். நான் உள்ளே நுழைந்ததுமே, “டீச்சர், இதுல டிரம்ஸ் அடிச்சது யாரு, சுவர்க் கடிகாரமா?” என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் தன் கேசட்டைத் திருப்பி நீட்டினாள். “உறையை மாத்திப் போட்டுட்டீங்க போல. இது அவங்க பாட்டு இல்லையே.” உறை சரிதான் என்று அவர் சொல்ல, அவள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது. உன் குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் நீ யாருக்காகப் பாடுகிறாய் என்று தெரியவில்லை. உன் தப்பு மட்டும் என்று சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு நம் பாட்டு புரியவில்லை.

காங் இபன்

மும்பை
11 ஜூலை 1998

அன்புள்ள காங் இபன்,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

புனேவில் கச்சேரி. நான்காவது பாட்டுக்கு அரங்கில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் பழைய பாட்டு கேட்டார்கள். பத்திரிகையில் நான்கே வரிகள், அதிலும் முதல் கேசட்டைத்தான் புகழ்ந்திருந்தார்கள். பான்டெய் கோவாவில் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போய்விட்டான்.

கம்பெனி உங்களை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. முதல் நாள் கம்பெனி மேனேஜர் கேட்டதே, “டிரம்ஸ் அடிக்கிற அம்மா எங்கே? அவங்க எப்ப வர்றாங்க?” என்றுதான். நான் சொன்னேன், “அவங்க டீச்சர். அவங்களுக்கு இது பொழுதுபோக்கு.” மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் நான்தான். உங்கள் ஜனவரிக் கடிதமும் கைக்கு வந்தது.

முதல் கேசட்டுக்கு வந்த விமர்சனங்களை நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். எல்லாவற்றிலும் உங்கள் டிரம்ஸ். நான் நன்றாகப் பாடினேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. இந்த முறை என் பெயரைச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

மன்னியுங்கள். நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். மௌலாய் கூடத்திலேயே மூன்றாவதைப் பதிவு செய்வோம். நீங்கள் உட்கார்ந்தால் போதும்.

கிட்பொக்

ஷில்லாங்
30 ஆகஸ்ட் 1998

கிட்பொக்,

பதில் தாமதமாகிவிட்டது. எட்டு வகுப்புகளின் விடைத்தாள்கள். அது மட்டுமே காரணம் என்று எழுதினால் நானும் உன்னைப் போலாகிவிடுவேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. அவளிடம் உனக்காகப் பேசியதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்தான் வகுப்பில், சமையற்கட்டில், போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. விமர்சனங்களை நான் மறக்கவில்லை. ‘அவங்களுக்குக் காது சரியில்லை, நீ நல்லாப் பாடின’ என்று உன்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் தப்பு.

நர்ஸ் விடுதியில் மூன்று பெண்கள் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். சுருதியும் சேராது, சொன்னபடியும் கேட்க மாட்டார்கள். சனிக்கிழமைதோறும் அவர்களோடு வாசிக்கிறேன். போன வாரம் அவர்களில் ஒருத்தி பாதிப் பாட்டில் திரும்பி, “காங், இன்னும் வேகமா அடிங்க” என்று கத்தினாள். நீ ஒரு நாளும் திரும்பியதில்லை.

ஏழு வருஷம் உன் முதுகைப் பார்த்தே வாசித்தேன். அது எப்போது இறுகும், எப்போது தளரும் என்று எனக்கு அத்துப்படி. அதைத்தான் உன்னைத் தெரிந்துகொண்டது என்று நினைத்துவிட்டேன். இனி அங்கே என்னால் உட்கார முடியாது, கிட்பொக்.

மன்னிப்பு இன்னொரு தடவை எழுதாதே. கொடுத்தாகிவிட்டது. ஊருக்கு வா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வா, அம்மா பன்றிக்கறி போட்டு ஜாதோச் சோறு செய்வாள். எனக்கு எதிரே உட்கார். ஒத்திகையைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

குப்ளெய்.
இபன்