வாய்க்குள் விட்ட கை

ஜூன் 11, புதன்

காலையிலேயே வெயில். காற்று வேறு மண்ணை வாரி அடிக்கிறது. அங்கன்வாடிக்கு முட்டை வந்தது, கொஞ்சம் உடைசல். பிள்ளைகளின் எடையை போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். சர்வர் இல்லை.

எங்கள் மாடு செவலை நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. வாயில் எச்சில் நூல் நூலாக. கத்திக்கொண்டே இருக்கிறது, குரல் கம்மிப்போய். மாங்காய் மண்டிப் பக்கம் மேய்ந்துவிட்டு வந்த மாடு, தொண்டையில் கொட்டை அடைத்திருக்கும் என்று நான்தான் முடிவு கட்டினேன். போன வருஷமும் அப்படித்தான் ஆனது. கையை விட்டு எடுத்தோம், மறுநாள் தின்றது. வீட்டுக்காரர் பெங்களூரில் வேலையில். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணைக் கூப்பிட்டேன். முதலில் நான் கை விட்டேன், எட்டவில்லை. "உன் கை சன்னம், நீ வுட்டுப் பாரு" என்றேன். முழங்கை வரை விட்டாள்.

"ஒண்ணுமே தட்டுப்படலீங்க அக்கா."

மாடு வாயை இறுக்கியதில் எனக்கு விரல் முட்டியில் பல் கீறல், அவளுக்கு மணிக்கட்டில். மஞ்சள் வைத்தோம். மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாயிற்று.

ஜூன் 12, வியாழன்

மாட்டு டாக்டர் வந்தார். பக்கத்தில் போகவே இல்லை. பின்னங்கால் தள்ளாடுவதைத் தூர நின்று பார்த்தார். நாய் ஏதாவது கடித்ததா என்றார். எப்போதோ ஏரிக்கரையில் ஒரு நாய் மாட்டை விரட்டியது. அன்றைக்கு மாட்டின் மூக்கில் ரத்தம் பார்த்தேன். முள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெறிநோயாத்தான் தெரியுது. வாய்க்குள்ள யாராச்சும் கைய வுட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

அவ்வளவு சுளுவாக வந்தது. கை தானாக முந்தானைக்குள் போயிருந்தது.

"எச்சி பட்டிருந்தாலே போய் ஊசி போட்டுக்கணும். தள்ளிப் போடக்கூடாது. நோய் வந்துட்டா அப்புறம் வைத்தியமே இல்ல."

தலையாட்டினேன். ஏன் இல்லை என்றேன்? சொன்னால் நிஜமாகிவிடும் என்று. வேறு காரணமே கிடையாது. தடுப்பூசிக்குப் பயப்படும் தாய்மார்களை வீடு வீடாகப் போய் இழுத்து வருகிறவள் நான். வெட்கக்கேடு.

சாயங்காலம் சின்னப்பொண்ணு வேலை விட்டு வந்து வாசலில் நின்றாள். "டாக்டரு என்னங்க அக்கா சொன்னாரு?"

"ஏதோ காய்ச்சலாம்."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

செவலை செத்துப்போனது. ஜேசிபி வைத்துக் குழி, மேலே சுண்ணாம்பு. அழுகை வரவில்லை. பயத்தில் அதற்கு இடமில்லை.

சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இறங்கியது. மறுபடி குடித்தேன். மதியம் தொண்டை அடைப்பது போல இருந்தது. இத்தனை சீக்கிரம் வராது என்று புத்திக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. சின்ன வயசில் எங்கள் தெருவில் ஒருவரை அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வெளியே யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றிய சத்தத்துக்கே அலறினார். அந்தக் குரல் இன்றைக்கு நாள் முழுக்கக் காதில்.

செய்ய வேண்டியவை: ஊசி. சி.பொ.விடம் சொல்ல. முட்டைக் கணக்கு.

முட்டைக் கணக்கு மட்டும் முடிந்தது.

சி.பொ.வின் சின்ன மகள் அங்கன்வாடியில் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரலைப் பிடித்துப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கும் இப்டி காயம் டீச்சர்." அவள் தட்டில் முட்டையை உரித்து வைத்தேன். எனக்கு மட்டும் என்றால் இன்னும் எத்தனை நாள் ஒளித்திருப்பேனோ.

ஜூன் 14, சனி

விடிந்ததும் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். களி கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் இல்லை என்றதையும், அவளிடம் காய்ச்சல் என்றதையும். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்தாள்.

"தெரியுங்க அக்கா. குழி வெட்ட வந்தவங்க பேசிக்கினு இருந்தாங்க."

"அப்புறம் ஏன் ஊசிக்குப் போவல?"

"நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். தனியா போவ பயமா இருந்துச்சு."

பென்னாகரம் பஸ். ஆஸ்பத்திரியில் காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவச் சொன்னார்கள். காயத்தைச் சுற்றியே ஊசி, பிறகு தோளில் ஒன்று. உயிர் போகிற வலி. அவள் பிடித்துக்கொள்ள என் கை பக்கத்திலேயே இருந்தது. சின்னப்பொண்ணு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உடனே வந்திருக்க வேணாமா? படிச்சவங்கதானே நீங்க?" என்று நர்ஸ் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"இனிமே ஒண்ணும் ஆவாதில்லீங்களா?" சின்னப்பொண்ணு.

"நடுவுல வுடாம எல்லா ஊசியும் போட்டுக்குங்க. ஆகாது."

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். கத்தினார். நாளைக்கு வருகிறாராம்.

ஜூன் 17, செவ்வாய்

மேகமூட்டம். இரண்டாவது ஊசி. வீட்டுக்காரருக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, சேர்ந்து போகலாம் என்று சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். பூட்டு. ஊசியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாளோ என்று பயம். போன் எடுக்கவில்லை. பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

நர்ஸ் சீட்டைப் பார்த்தார். "உங்ககூட வந்த அம்மா மொத பஸ்ஸுக்கே வந்து போட்டுக்கினு போயிட்டாங்களே."

"தனியாவா?"

"ஆமா. ஏங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நிம்மதி. இனி என்னை நம்பி எங்கேயும் வர மாட்டாள் என்பதும் புரிந்தது. ஜாக்கெட் கையை ஏற்றிவிடச் சொன்னார். பெஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்குக்கூட ஊசிக்கு இவ்வளவு பயப்படவில்லை.