அமெரிக்காப் பெட்டிக்குள் உன் உம்மா

நெளுக்குளம், வவுனியா
18.04.2006

அன்பு மகன் நாஸிமுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், நேற்றுவரை சில நாளாக அவா என்னோடு கதைக்காமல் இருந்தா என்பதைத் தவிர. கட்டார் வெயிலில் தலையைக் காயவிடாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நல்லபடி இருக்க துஆச் செய்கிறேன்.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. தொண்ணூறில் எங்கள் ஊர் தண்ணீரூற்றை விட்டு ஓடி வந்த நேரம் வீடு வாசல் எல்லாம் போக, உம்மா மடியில் கட்டிக் கொண்டுவந்தது எங்கள் கலியாணப் படம் ஒன்றுதான். அதை நெட் கடையில் ஸ்கேன் எடுத்து உன் மெயில் பெட்டியில் போட்டால், இன்னொருமுறை ஓட வேண்டி வந்தாலும் படம் தப்பும் என்று சொல்லி பாஸ்வேர்டும் தந்தாய். பெட்டி எங்கே என்று கேட்டால் அமெரிக்காவில் என்கிறாய். வீட்டு அலுமாரிக்கே பூட்டில்லாத எனக்கு அமெரிக்காவில் ஒரு பெட்டியா என்று சிரித்தேன். சிரித்ததற்குக் கூலி உடனே கிடைத்தது.

உம்மா படத்தைத் தரமாட்டேன் என்றுவிட்டா. கடைக்காரன் பார்ப்பான், பிறகு அமெரிக்காக்காரன் பார்ப்பான், என்ட முகம் என்ன சந்தையில கிடக்கிற கத்தரிக்காயா என்று ஒரே சண்டை. கடைசியில் அவாவே ஒரு வழி கண்டுபிடித்தா. படத்தில் தன் முகத்துக்கு மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்தா. சும்மா வைத்தால் விழுந்துவிடுமாம், சோற்றைத் தேய்த்து ஒட்டியும் விட்டா. நானும் ஒரு மடையன், தலையை ஆட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் நான் மாப்பிள்ளைக் கோலத்தில், வெள்ளைக் கடதாசிக்குப் பக்கத்தில் இளித்துக்கொண்டு நிற்கிறேன். கடைக்கார அர்ஷாக் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கடதாசியை உரித்தா. முகமும் அதோடு உரிந்து வந்துவிட்டது, மகன். அவா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதா. நான் வெளியே நின்று அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பிறகு எல்லாம் உங்களாலதான் என்று ஒரு ஏச்சு. அதோடு என்னோடு கதை நின்றது.

நேற்று உன் ராத்தா ஸஹீலா புத்தளத்திலிருந்து போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். பிறகு சொல்கிறாள், வாப்பா ஏசக்கூடாது, பெருநாளைக்கு நானும் இவரும் வந்த நேரம் உம்மாக்குத் தெரியாம அந்தப் படத்தை இவர்ட போனில எடுத்துத் தம்பிட பெட்டியில போட்டனான் என்று. பெட்டிக்குச் சொந்தக்காரன் நீ, உள்ளே என்ன கிடக்கிறது என்று உனக்கே தெரியவில்லை. என் பிள்ளை என்று சொல்ல வேறு அத்தாட்சி வேண்டாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அர்ஷாக் பெட்டியைத் திறந்து தந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான், நல்ல பிள்ளை. படம் சரிவு, மூலையில் ஸஹீலாவின் பெருவிரல். ஆனால் என் றாபியா இருக்கிறா, கண்ணுக்குச் சுறுமா போட்டு, அப்போதே முறைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். யார் யார் பார்த்தது என்றுதான் முதலில் கேட்டா. நான் மட்டும்தான் என்றேன். பிறகு சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பாராமல், எப்பிடி இருக்கிறன் என்று கேட்டா. நாளைக்கு அவாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன், அர்ஷாக் வெளியில் நிற்கிறானாம்.

ஐந்து நேரத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத் செய்யட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்தப் பாஸ்வேர்டை என்னைக் கேளாமல் மாற்றிப் போடாதே. என் பெண்சாதி உள்ளே இருக்கிறா.

இப்படிக்கு,
உன் வாப்பா
மஹ்றூப்