நான் எழுதாமல் விட்ட வரி

ஜூலை 9, புதன்

மெர்சி அக்காவின் பெருவிரல் மை முந்தானையில் ஒட்டியிருந்தது. போன வாரம் வெள்ளத்தில் அவள் தையல் மெஷின் போய்விட்டது. வடக்கே பிழைக்க வந்த எங்கள் தமிழ்க் குடியிருப்பில் எனக்குத்தான் இந்தி எழுத வரும் என்று, இந்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதச் சொன்னாள்.

"மழ இந்தப் போடு போடுததுக்கு பெட்ரோல் எண்ணெய்க் கம்பெனிக்காரன் புகைதான் காரணமாம். நஷ்டத்த அவனே கட்டணும்னு சட்டம் போடச் சொல்லி எழுதுட்டி."

அப்பா அந்தக் கம்பெனியின் டேங்கர்தான் ஓட்டுகிறார். அரசு உதவ வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு, அவள் சொன்னதை எல்லாம் எழுதியதுபோல் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"என்னமா எழுதிருக்கா பாரு," என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தாள். அவளை நம்பி இன்னும் பன்னிரண்டு பேர் வைத்தார்கள்.

சாயங்காலம் போய்த் தாளைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமலே கொடுத்தாள். மறுபடி எல்லோரும் கைநாட்டு வைக்க வேண்டும். அப்போது ஏன் என்று கேட்பார்கள்.

புதுத் தாளில் கம்பெனியைப் பற்றித்தான் முதலில் எழுதினேன்.