ஒரு நாள் மெசின்

2006 ஆடி, புதன்

எங்கள் பொறியியல் கல்லூரியில் பின்னலாடை ஆய்வகத்தைப் பார்க்க இன்று அங்கீகாரம் தரும் குழு வந்தது. எங்களிடம் மெசினே கிடையாது. நல்லூர் கம்பெனி ஒன்றில் இரவல் கேட்டு, நேற்று ஒரு நிட்டிங் மெசினை இறக்கி வைத்தார் முதல்வர்.

மூன்றாமாண்டு கவிதா அதைப் பார்த்ததும் என்னிடம் வந்தாள். "சார், இது நல்லூர்ல எங்க ஊட்டு கம்பெனி மெசினுங்க. அப்பா வெச்ச சந்தனப் பொட்டு அப்படியே இருக்குதுங்க."

குழுத்தலைவர் அவளையே கூப்பிட்டார். "இதுல தினமும் பயிற்சி தர்றாங்களாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க சார், தர்றாங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலமே லாரி வந்து மெசினை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இதுவரை கரும்பலகையில் படம் வரைந்துதான் பாடம் நடத்தினேன். பொய்யை மட்டும் இன்று செய்முறையாக நடத்திவிட்டேன். ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.